மாதிரிக் கப்பலைப் பார்க்க வந்தவர்கள்

மாதிரிக் கப்பல் கட்டுகிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பசை, பட்டி, பெயின்ட் என்றுதான் பேச்சு போகும். நான் இங்கே எழுத விரும்புவது, நாம் கட்டியதைப் பார்க்க வந்த மனிதர்களைப் பற்றி. வரைபடத்திலும் கிட்டோடு (மாதிரிக்கான பாகங்கள் அடங்கிய பெட்டி) வரும் செய்முறைத் தாளிலும் இல்லாத பலவற்றை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

முதலில் ஒரு கப்பல் இன்ஜினியர். சரக்குக் கப்பல்களில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் தகடுகளை வெட்டி 1/350 அளவில், அதாவது உண்மைக் கப்பலின் 350-இல் ஒரு பங்காக, நான் கட்டியிருந்த ஒரு சரக்குக் கப்பலைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் நான் என் கப்பலை வெளியே நின்று பார்த்த நேரம் மிகவும் குறைவு. நான் இருந்ததெல்லாம் இதற்குள்ளே" என்று சொல்லி, பின்பக்கம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓர் இடத்தைக் காட்டினார். இன்ஜினைக் குளிர்வித்த கடல்நீர் வெளியே கொட்டும் துளை அங்கேதான் இருக்க வேண்டுமாம். என்னிடம் இருந்த பொது வரைபடத்தில் அப்படி ஒரு துளை குறிக்கப்படவே இல்லை. கப்பல் ஓடும் நேரமெல்லாம் அதிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பதால், அதற்குக் கீழே பெயின்ட் வெளுத்து ஒரு பட்டையாகத் தெரியும் என்றார்.

பிறகு நங்கூரச் சங்கிலி வெளிவரும் குழாயிலிருந்து துரு எப்படி வழியும், இழுவைப் படகு முட்டித் தள்ள வேண்டிய இடத்தை ஹல்லில் (கப்பலின் வெளி உடல்) எப்படி எழுதிக் குறித்திருப்பார்கள், அங்கே பெயின்ட் எப்படித் தேய்ந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு மிகவும் பயன்பட்டது வேறொன்று. கப்பலில் துருவைச் சுத்தியால் தட்டி எடுத்து, பிரைமர் எனும் அடிப்பூச்சு பூசி, அதன்மேல் பெயின்ட் அடிக்கும் வேலைக்கு முடிவே கிடையாது. முன்முனையில் தொடங்கிய வேலை பின்முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் முன்முனை மறுபடியும் துருப்பிடித்துவிடும். அதனால் கடலில் இருக்கும் சரக்குக் கப்பலின் பக்கம் முழுவதும் ஒரே நிறமாக இருக்காது. அங்கங்கே ஒழுங்கில்லாத சதுரங்களாக, புதிதும் பழையதும் கலந்து தெரியும்.

அவர் முதலில் தேடியது எதை என்று சொல்ல மறந்துவிடக் கூடாது. சுமைக்கோட்டுக் குறி. வட்டத்தின் நடுவே கோடு போட்ட அந்த அடையாளத்தை, கப்பல் எவ்வளவு ஆழம்வரை அமிழலாம் என்பதற்காகப் பிரிட்டன் 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கட்டாயமாக்கியது. பக்கத்தில் ஏணி போல இருக்கும் கோடுகள் வெப்பமண்டல நன்னீர், நன்னீர், வெப்பமண்டலக் கடல், கோடை, குளிர்காலம், வட அட்லாண்டிக் குளிர்காலம் என்று தனித்தனி எல்லைகளைக் காட்டுகின்றன. உண்மைக் கப்பலில் அந்த வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர். 1/350-இல் அது ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அதைக் கண்டுபிடித்ததும் "இருக்கிறது" என்று சொன்னார் பாருங்கள், அதைவிடப் பெரிய பாராட்டை நான் இதுவரை கேட்டதில்லை.

அன்றிலிருந்து என் பெயின்ட் வேலை மாறிவிட்டது. அடிப்படைச் சாம்பல் நிறம் காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பால் ஒழுங்கில்லாத கட்டங்களை ஒதுக்குகிறேன். அதே சாம்பலில் ஒரு துளி வெள்ளையோ ஒரு துளி கறுப்போ கலந்து ஏர்பிரஷால் மெல்லியதாக அடிக்கிறேன். டேப்பை எடுக்கும்போது வித்தியாசம் தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். துருவுக்கு எண்ணெய் வண்ணத்தை ஊசி முனையளவு வைத்து, தின்னரில் நனைத்துத் துடைத்த பிரஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. இங்கே ஒரு கருத்தை வலியுறுத்திச் சொல்கிறேன்: இப்போது வரும் மாதிரிகளில் துரு மிகவும் அதிகம். பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வழியும் துரு, 1/350-இல் முக்கால்வாசி நேரம் கண்ணுக்கே படாத 0.3 மில்லிமீட்டர், 1/700-இல் அதிலும் பாதி. நாம் போடும் கோடுகளைக் கணக்குப் பார்த்தால் உண்மைக் கப்பலில் ஒரு கதவின் அகலத்துக்குத் துரு ஓடுகிறது. அந்தக் கப்பலில் சுத்தியும் பிரஷுமாகத் தொங்கிக்கொண்டே உழைத்தவர்களுக்கு அது நியாயம் ஆகாது.

அடுத்தது என் நண்பர் சொன்னது. மரத்தில் கட்டுபவர் அவர். ஏரா (கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு போன்ற மரம்), குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை பலகையாக ஒட்டி, 18-ஆம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் ஒன்றை முடித்திருந்தார். பார்வையற்ற ஒருவர் தம்பியோடு வந்திருக்கிறார். நண்பர் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கயிறுகள் பக்கம் போகாமல் ஹல்லிலிருந்து தொடங்கச் சொல்லி அவர் கையைப் பிடித்து வைத்திருக்கிறார். அவர் மெதுவாகத் தடவிக்கொண்டே போய், "பக்கம் மேலே போகப் போக உள்பக்கமாகச் சாய்கிறதே, ஏன்?" என்று கேட்டாராம். பார்த்தவர்களில் பெரும்பாலோர் கவனிக்காத விஷயம் அது. மேல்தளத்துப் பீரங்கிகளின் எடை கப்பலின் நடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருந்தால் கப்பல் நிலையாக நிற்கும். அதற்காகத்தான் அந்தக் காலத்துப் போர்க்கப்பல்களின் பக்கங்கள் அப்படிச் சாய்ந்தன.

கை முன்முனைக்குப் போனதும் அவர் நின்றுவிட்டார். "பலகைகள் இங்கே குறுகிக்கொண்டே வருகின்றன" என்றார். நடுவில் சுற்றளவு அதிகம், முனையில் குறைவு என்பதால் ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கிச் சீவிக் குறுக்கித்தான் ஒட்ட வேண்டும். மரக் கப்பல் கட்டுவதில் பொறுமையைச் சோதிக்கும் கட்டம் அதுதான். நண்பர் அதன்மேல் கறுப்புப் பெயின்ட் பூசிவிட்டதால் கண்ணால் பார்க்கிறவர்களுக்கு அந்த உழைப்பு தெரியாது. அவர் விரலுக்குத் தெரிந்தது. நண்பர் இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்துவிட்டது. நம்மில் பலர் தூசிக்குப் பயந்து கப்பல்களைக் கண்ணாடிக்குள்ளேயே வைத்திருக்கிறோம். கயிறுகளில் தூசி படிந்தால் எடுப்பது பெரும்பாடு, உண்மைதான். ஆனாலும் கேட்பவர்களுக்குத் திறந்து காட்டுங்கள்.

குழந்தைகள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: இதில் கழிப்பறை எங்கே? பாய்க்கப்பலாக இருந்தால் எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடிக்கும், ஏனென்றால் காட்ட முடியும். முன்முனையில், நீட்டிக்கொண்டிருக்கும் மரச்சட்டங்களுக்கு நடுவே, ஓட்டை போட்ட இருக்கைகள் கடலுக்கு மேலே திறந்தபடி இருக்கும். மாலுமிகளுக்கு மழையிலும் புயலிலும் அதுதான். கேட்ட குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெற்றோரும் குனிந்து பார்ப்பார்கள்.

நிறத்துக்காக வாதம் செய்ய வருகிறவர்கள் தனி வகை. 1765-இல் நீரில் இறக்கப்பட்ட, 1805-இல் டிரஃபால்கர் கடற்போரில் பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கொடிக்கப்பலாக (தளபதி இருக்கும் தலைமைக் கப்பல்) இருந்த விக்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 முதல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் உலர்துறையில் நிற்கிறது. கறுப்புக்கு நடுவே அழுத்தமான மஞ்சள் பட்டைகளோடுதான் நம்மில் பலரின் நினைவில் அது இருக்கிறது. பழைய பெயின்ட் அடுக்குகளைப் பரிசோதித்துவிட்டு, 2015-இல் அதை இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட வெளிர் நிறத்துக்கு மாற்றினார்கள். அந்தப் புதிய நிறத்தில் நான் செய்ததைப் பார்த்து ஒருவர் கோபத்தோடு, "நேரில் போய்ப் பார்த்திருக்கிறேன், மஞ்சள்தான்" என்றார். அவர் போனது மாற்றத்துக்கு முன்பு. அவர் பார்த்ததும் உண்மை, நான் பூசியதும் உண்மை. உட்கார வைத்து வாசாவைப் பற்றிச் சொன்னேன். 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் மேலே கொண்டுவரப்பட்ட சுவீடன் கப்பல் அது. அதன் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மரத்தில் மிஞ்சியிருந்த நிறத்துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அது சிவப்பு என்று தெரிந்தது. பேசி முடித்தபோது அவரே மரக் கிட் ஒன்றை வாங்குவது பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

என்னை அதிகம் பாதித்த சந்திப்பும் நிறம் பற்றியதுதான். ஓர் அம்மா, தம் தாத்தா வேலை பார்த்த நீராவிக் கப்பலின் பழைய கறுப்புவெள்ளைப் புகைப்படத்தைக் கொண்டுவந்தார். கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடுவது தாத்தாவின் வேலை. புகைபோக்கி சிவப்பு, உச்சி மட்டும் கறுப்பு என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். படத்திலோ புகைபோக்கி முழுவதும் கறுப்பு. பாட்டிக்கு நினைவு தடுமாறிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தக் காலத்துப் பிலிம்களில் பல, சிவப்பு ஒளியை உணராதவை. நீலம் வெளுத்து விழும், சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவே விழும். அதை அவரிடம் விளக்கிவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் புகைபோக்கியை மட்டும் பார்த்தோம். மேலிருந்து கால் பங்கு இறங்கிய இடத்தில், கறுப்புக்குள் ஒரு மெல்லிய விளிம்பு குறுக்கே ஓடியது. இரண்டு பெயின்ட்கள் சந்திக்கும் கோடு. பாட்டி சொன்னது சரி. அந்த அம்மா உடனே தொலைபேசியை எடுத்து யாரையோ அழைத்து அதைச் சொன்னார்.

அந்தக் கப்பலைத்தான் இப்போது 1/200 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். சிறிய அளவில் சிவப்பை அப்படியே பூசினால் பொம்மை போலத் தெரியும்; வெள்ளை கலந்தால் ரோஜா நிறமாகிவிடும். அதனால் கொஞ்சம் வெளிர் மண்ணிறம் கலந்து தணித்திருக்கிறேன். உச்சிக்கு முழுக் கறுப்பைத் தவிர்த்து அடர் சாம்பல். தாத்தாவை எங்கே வைப்பது என்று கேட்டேன். இவ்வளவு நாள் அடியிலேயே இருந்தார், மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பிப் பக்கம் நிற்கட்டும் என்றார் அந்த அம்மா. எட்டரை மில்லிமீட்டர் உயரத்தில் தயாராகிவிட்டார்.

மிச்சம் ஒரே ஒரு சந்தேகம். மேல்தளத்தில் வாய் திறந்து நிற்கும் காற்றுக் குழாய்களின் உட்புறம் அந்தப் படத்தில் கறுப்பாகத் தெரிகிறது. அது சிவப்பா, வெறும் நிழலா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. கம்பெனிக்குக் கம்பெனி அந்த நிறம் மாறும். பாட்டியும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம். நிலக்கரிக் கப்பல்களில் வேலை பார்த்தவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்து, இந்தக் குழாய்களைப் பற்றி ஏதாவது கேட்ட நினைவிருந்தால் எழுதுங்கள். அதுவரை அவற்றைப் பிரைமரோடு விட்டுவைத்திருக்கிறேன்.