பப்ளிக் பாலிசி படிக்க ஸ்காலர்ஷிப்: எதற்கு அப்ளை செய்வது?

வியாசர்பாடி_தேன்:
எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷ பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு இரண்டரை வருஷமாக வடசென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மழைநீர் வடிகால், ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று தெருத்தெருவாகப் போய் மனு எழுதித் தருவது, அப்புறம் அது எந்த ஆபீஸில் நிற்கிறது என்று பின்னாடியே அலைவது, இதுதான் வேலை. பப்ளிக் பாலிசியில், அதாவது அரசுக் கொள்கை பற்றிய படிப்பில், மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு இதே துறையில் இருக்க ஆசை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார், கடன் வாங்கிப் படிக்க வழியில்லை. பிரிட்டன் போய்ப் படிக்கத் தரும் செவனிங், அமெரிக்கா போய்ப் படிக்கத் தரும் ஃபுல்பிரைட், இந்த இரண்டு ஸ்காலர்ஷிப்பில் எது சரிப்படும்? தலைமைப் பண்பு பற்றிக் கட்டுரை கேட்கிறார்கள், நான் எந்தப் பதவியிலும் இருந்ததில்லை. கவுன்சிலரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கினால் எடுபடுமா?

அண்ணாநகர்_குமார்:
சகோதரி, முதலில் தகுதியைப் பாருங்கள். நம் நாட்டு மாணவர்களுக்கான ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஸ்காலர்ஷிப்புக்கு நாலு வருஷ டிகிரி வேண்டும், மூன்று வருஷ டிகிரி என்றால் அதற்கு மேல் ஒரு பி.ஜி.யும் முடித்திருக்க வேண்டும். மூன்று வருஷம் சம்பளத்துக்கு முழுநேர வேலை பார்த்த அனுபவமும் கேட்பார்கள். அதனால் இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள். செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம், அதாவது இரண்டு வருஷம் போதும், தன்னார்வ வேலையும் கணக்கில் வரும். பிரிட்டனில் ஒரு வருஷப் படிப்பு. ஃபீஸ், விமான டிக்கெட், மாதச் செலவு எல்லாம் அந்த நாட்டு அரசு தருகிறது. படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷமாவது இருக்க வேண்டும், உங்களுக்கு அது பிரச்சினையே இல்லை. வழக்கமாக ஆகஸ்டில் திறப்பார்கள்.

மயிலை_அக்கா:
பதவி இல்லை என்று தயங்காதேம்மா. இந்த மாதிரி விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருப்பவள் சொல்கிறேன், "சின்ன வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய ஆசை" என்று தொடங்கும் கட்டுரை எதுவும் மனதில் நிற்பதில்லை. ஒரே ஒரு தெருவை எடுத்துக்கொள். வடிகால் அடைத்துக் கிடந்ததா, கையெழுத்துப் போட யார் மறுத்தார்கள், அவர்களிடம் நீ என்ன சொன்னாய், ஏரியா சபையில், அதாவது வார்டு மக்கள் கூடும் கூட்டத்தில், யாரை எழுந்து பேச வைத்தாய், ஏ.இ. (உதவிப் பொறியாளர்) என்ன பதில் சொன்னார், அடுத்த மழைக்குத் தண்ணீர் வடிந்ததா. வடியவில்லை என்றால் அதையும் எழுது, ஏன் வடியவில்லை என்று உனக்குப் புரிந்ததையும் எழுது, பாலிசி படிக்க வேண்டிய காரணமே அங்கேதான் இருக்கிறது. கவுன்சிலர் கடிதம் வேண்டாம். உன் வேலையை தினமும் பார்த்த சூப்பர்வைசரிடம் இப்போதே சொல்லி வை, கடைசி வாரத்தில் போய் நின்றால் நாலு வரியில் முடித்துவிடுவார்.

பெரம்பூர்_வாசகன்:
அக்கா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் செவனிங் ஒன்றை மட்டும் நம்பி ஒரு வருஷத்தை வைக்க வேண்டாம், போட்டி ரொம்ப அதிகம். பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. டெவலப்மென்ட் இருக்கிறது, குடும்ப வருமானத்தைப் பார்த்து ஃபீஸை முழுசாகவே தள்ளுபடி செய்வார்கள். எஸ்.சி. பிரிவு என்றால் மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையையும் பாருங்கள், வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். எங்கே போட்டாலும் வருமானச் சான்றிதழ் கேட்பார்கள், இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.