ஃபோர்ஹேண்ட் அடித்தால் பந்து கோர்ட்டைத் தாண்டுகிறது, ஏற்காட்டில் இன்னும் மோசம்

அஸ்தம்பட்டிவாசி:
வணக்கம். டென்னிஸ் கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் பத்து வருடம் ஷட்டில் ஆடினேன். சேலத்தில் பத்து ஃபோர்ஹேண்ட் (ராக்கெட் பிடித்த கைப் பக்கம் வரும் பந்தை அடிப்பது) அடித்தால், அதில் நான்கு பந்து கோர்ட்டின் பின்கோடான பேஸ்லைனைத் தாண்டும். ஞாயிறுதோறும் ஏற்காட்டில் மச்சான் வீட்டுக்குப் போகிறோம். பக்கத்து எஸ்டேட்டில் கோர்ட் இருக்கிறது. அதே ராக்கெட், அதே பந்து, ஆனால் எட்டு வெளியே போகிறது. காப்பிச் செடிக்குள் தேடியே பாதி நேரம் போய்விடுகிறது. மெதுவாக அடித்தால் நெட்டில் விழுகிறது. கடையில் ஸ்ட்ரிங்கை இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

மலைக்காற்று:
ஸ்ட்ரிங்கை இப்போதைக்கு விடுங்க தம்பி. நீங்கள் ராக்கெட்டை இன்னும் ஷட்டில் பேட் மாதிரியே பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பிடியில் பந்தை உடம்புக்கு முன்னால் வைத்து அடித்தால் ராக்கெட் முகம் வானத்தைப் பார்க்கும். கூடவே மணிக்கட்டையும் சுண்டினால் பந்து எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஷட்டில் பேட் நூறு கிராம்கூட வராது. டென்னிஸ் ராக்கெட் 300 கிராமை ஒட்டி வரும். அதைத் தோளும் இடுப்பும்தான் சுழற்ற வேண்டும்.

உள்ளங்கையை ஸ்ட்ரிங்கின் மேல் தட்டையாக வையுங்கள். அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு வந்து கைப்பிடியைப் பிடியுங்கள். ஈஸ்டர்ன் பிடி இதுதான். பந்து வருவது தெரிந்ததும் தோளைத் திருப்பி, ராக்கெட் தலையைப் பந்துக்குக் கீழே இறக்கி, முன்காலுக்குச் சற்று முன்னால் பந்தைத் தொட்டு, எதிர்த் தோள்வரை மேலே கொண்டுபோங்கள். கீழிருந்து மேலே வருவதால்தான் டாப் ஸ்பின், அதாவது பந்தின் முன்னோக்கிய சுழற்சி, கிடைக்கிறது, அதுதான் பந்தைக் கோர்ட்டுக்குள் இறக்கும். நெட் நடுவில் 3 அடி உயரம். அதன்மேல் இன்னொரு நெட் கட்டியிருப்பதாக நினைத்து அதைத் தாண்டி அடியுங்கள். பயந்து மெதுவாக அடிக்காதீர்கள், சுழற்சியே வராது.

அஸ்தம்பட்டிவாசி:
பிடி நீங்கள் நினைத்தபடி ஷட்டில் பேட் மாதிரிதான் இருந்தது அண்ணா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன்! ஆனால் ஏற்காட்டில் மட்டும் ஏன் இரட்டிப்பாகிறது?

கொண்டைஊசி:
அது உங்கள் தப்பு இல்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. மேலே காற்று லேசு, பந்தைத் தடுப்பதும் குறைவு. வெளியே அழுத்தம் குறைவதால், உள்ளே காற்று அடைத்த பந்து கூடுதலாகவும் எழும்பும். 1219 மீட்டருக்கு மேல் ஆட டென்னிஸ் விதியிலேயே தனிப் பந்து வகைகள் உண்டு. அவை கிடைக்காவிட்டால் பச்சைப் புள்ளிப் பந்து வாங்குங்கள். சாதாரணப் பந்தைவிட ஏறக்குறைய 25 சதவீதம் வேகம் குறைவு, கற்பவர்களுக்கென்றே வருவது. மலையில் டாப் ஸ்பின்னின் பிடிப்பும் கொஞ்சம் குறையும் என்பதால், பேஸ்லைனுக்கு நாலடி உள்ளே குறி வையுங்கள்.

அஸ்தம்பட்டிவாசி:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பிடியை மாற்றிய முதல் வாரம் எல்லாமே நெட்டில். முட்டியை மடக்கி ராக்கெட்டைப் பந்துக்குக் கீழே இறக்கிய பிறகுதான் சரியாக வந்தது. சேலத்தில் இப்போது பத்துக்கு ஒன்றுதான் வெளியே. நேற்று ஏற்காட்டில் பச்சைப் புள்ளிப் பந்தில் மூன்று. மச்சான் மகளும் ஆட வந்துவிட்டாள், வயது எட்டு. அவளுக்கும் இதே பந்தா?

மலைக்காற்று:
வேண்டாம் தம்பி. அவளுக்குச் சின்னப் பிள்ளைகளுக்கான சிவப்புப் பந்து, சின்னக் கோர்ட், கைக்கு ஏற்ற ராக்கெட். பிடியை மட்டும் முதல் நாளே சரியாகச் சொல்லிக்கொடுங்கள்.