செவ்வாய்க்கு இணைவு ராக்கெட்: இடையில் நிற்பது எது?

வால்மீன்:
செவ்வாய்க்குப் போக இன்றைக்கு ஏழெட்டு மாதம் ஆகிறது. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போன வழியில் அதிலிருந்த கருவி அளந்த கதிர்வீச்சு நாளொன்றுக்குச் சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு), எட்டு மாதத்துக்கு 400 மில்லிசீவர்ட்டைத் தாண்டிவிடும், அதுவும் போகும் வழிக்கு மட்டும். கவசம் போட்டால் எடை ஏறுமே தவிர, அண்டக்கதிர் முழுசாக நிற்காது. பயண நாளைக் குறைத்தே ஆக வேண்டும், அதற்கு அணுக்கரு இணைவு, அதாவது லேசான அணுக்கருக்கள் ஒன்றுசேரும்போது வரும் ஆற்றல், வேண்டும்.

கணக்குநோட்டு:
தேவை புரிகிறது. ஆனால் வெப்பத்தை எங்கே கொட்டுவீர்கள்? டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற கனமான ஹைட்ரஜன் வகைகளின் இணைவில் ஆற்றலின் 80 சதவீதம் நியூட்ரானோடு போகிறது. அதற்கு மின்னூட்டம் கிடையாது, காந்தப்புலத்தால் பின்பக்கம் திருப்பிவிட முடியாது, நேரே சுவரில் மோதிச் சூடாகும். வெற்றிடத்தில் காற்றும் இல்லை தண்ணீரும் இல்லை, கதிர்வீச்சாகத்தான் அந்தச் சூடு வெளியேற வேண்டும். 1000 கெல்வினில் உள்ள தகட்டின் ஒரு சதுர மீட்டர் பரப்பு அதிகபட்சம் 57 கிலோவாட்தான் தள்ளும். நூறு மெகாவாட் கழிவு வெப்பத்துக்கு எவ்வளவு பெரிய தகடு, அதற்கு எவ்வளவு எடை என்று போட்டுப் பாருங்கள்.

வால்மீன்:
தகட்டை 1500 கெல்வினுக்கு ஏற்றினால் அதே பரப்பு ஐந்து மடங்கு தள்ளுமே. அப்புறம், டிரிட்டியத்தை ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? டியூட்டீரியத்தை லேசான ஹீலியம் வகையான ஹீலியம்-3 உடன் இணைத்தால் வருவது புரோட்டானும் ஆல்ஃபாவும் (ஹீலியம் அணுக்கரு), இரண்டுக்கும் மின்னூட்டம் உண்டு, காந்தப்புலத்தாலான வெளியேற்றுக் குழாய்வழியே பின்னால் தள்ளி நேராக உந்துவிசையாக்கலாம்.

கணக்குநோட்டு:
டியூட்டீரியம் தன்னோடேயே இணைவதை எப்படித் தடுப்பீர்கள்? அங்கேயும் நியூட்ரான் வரும், குறைவாக வரும் என்பது மட்டும் உண்மை. ஹீலியம்-3 பூமியில் அரிது. 1973-இல் தொடங்கிய, விண்மீனுக்குப் போகும் இணைவுக் கலத்தை வடிவமைத்த டெடலஸ் திட்டத்தில் அதை வியாழனிலிருந்து எடுக்கலாம் என்றுதான் எழுதினார்கள். முதலில் தரையிலேயே இணைவு எங்கே இருக்கிறது? 2022 டிசம்பரில் கலிஃபோர்னிய ஆய்வகம் ஒன்றில் எரிபொருள்மேல் பாய்ச்சிய 2.05 மெகாஜூல் லேசருக்கு இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் கிடைத்தது, பெரிய சாதனைதான், ஆனால் அந்த லேசரை இயக்கவே 300 மெகாஜூல் அளவில் மின்சாரம் பிடித்தது. மின்நிலையம் முழுவதையும் கலத்தில் ஏற்ற முடியாது.

தூரத்துநிலா:
நடுவில் வருகிறேன். அணுப்பிளவு உலையின் சூட்டால் வாயுவைப் பின்னால் தள்ளும் ராக்கெட்டை இருவரும் மறந்துவிட்டீர்கள். அந்த வகையான அமெரிக்காவின் நெர்வா இயந்திரத்தை 1960-களிலேயே தரையில் ஓட்டிக் காட்டினார்கள். ஒரு கிலோ எரிபொருளுக்குக் கிடைக்கும் உந்தம் வேதி ராக்கெட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1973-இல் நிறுத்தியது அரசு, இயற்பியல் அல்ல.

வால்மீன்:
சரி, செவ்வாய்க்கு நெர்வா மாதிரி ஒன்றே முதலில் பறக்கட்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசினி விண்கலம் 1997-இல் கிளம்பி 2004-இல்தான் சனியை அடைந்தது. அங்கே மனிதரை அனுப்ப இரண்டு மடங்கு எந்த மூலைக்கு?