முட்டி கெடாம கேட்ச்சரா நீடிக்கிறது எப்படி?

தொண்டி_9: பள்ளி பேஸ்பால் டீமுக்கு 15 வயசுப் பையன் கேட்ச்சர் (மட்டைக்காரருக்குப் பின்னால குந்தி பந்து பிடிக்கிறவன்). முன்னால டென்னிஸ் பந்துல விக்கெட் கீப்பிங். தினம் கடற்கரை மணல்ல முக்கால் மணி நேரம் குந்தவச்சுப் பழக்குறோம். முட்டிச் சில்லுக்குக் கீழ வலிக்குதுங்கிறான். அமெரிக்காவுல பெரிய லீக்ல (மேஜர் லீக்) கேட்ச்சரா இருந்த யாடியர் மொலினா 19 சீசன் அதே இடத்துல உட்கார்ந்தாரே, எப்படி?

பாம்பன் கரை: சார், முதல்ல குந்துறதை நிறுத்துங்க. வளர்ற வயசுல சில்லுக்குக் கீழ எலும்பு மேட்டுல வலின்னா எலும்பு டாக்டர்கிட்ட காட்டணும், தைலத்தோட விடக்கூடாது. மணலும் வேண்டாம். குதிகால் புதையும், பாரம் முட்டிக்கு ஏறும், எறியும்போது காலுக்குப் பிடிமானமும் கிடைக்காது. கட்டாந்தரைக்கு மாத்துங்க.

மொலினா 2004லேர்ந்து 2022 வரை கார்டினல்ஸ் டீமுக்கு மட்டும் 2,184 ஆட்டம் கேட்ச்சரா ஆடினார். ஆட்டத்துக்கு 140 பந்துன்னு வச்சாலே மூணு லட்சம் தாண்டும். அத்தனைக்கும் முழுக் குந்தல் தேவையில்லை. இப்ப பெரிய லீக்ல பெரும்பாலும் ஒரு முட்டியைத் தரையில ஊனி, மறு காலைப் பக்கவாட்டுல நீட்டித்தான் உட்கார்றாங்க. பையனுக்கும் அதையே பழக்குங்க: பத்துப் பத்துப் பந்தா மூணு சுற்று, நடுவுல எழுந்து நடக்கணும். வலி போன பிறகுதான் இதுவும்.

உச்சிப்புளி: முட்டி ஒரு பக்கம். விரல்லயும் தலையிலயும் படுற அடியும் கேட்ச்சரை வெளியே தள்ளும். பெரிய லீக் கேட்ச்சர் ஜோ மாவர் 2013ல தலை அதிர்ச்சி வாங்கினதும் அடுத்த வருஷமே கேட்ச்சர் இடத்தை விட்டு முதல் பேஸ் காவலுக்குப் போயிட்டார். முட்டி கிழிஞ்சா முடிஞ்சதுன்னும் இல்லை. இன்னொரு கேட்ச்சர் கார்ல்டன் ஃபிஸ்க்குக்கு 1974ல ஹோம் பிளேட்ல (மட்டைக்காரர் நிக்கிற இடத்துல இருக்கிற தட்டு) நடந்த மோதல்ல இடது முட்டித் தசைநார் கிழிஞ்சது, ஆனாலும் 1993 வரை ஆடினார்.

விக்கெட் கீப்பர் பழக்கத்துல பையன் ரெண்டு கையையும் சேர்த்து நீட்டுவான். அதுதான் ஆபத்து. மட்டையில உரசி வர்ற பந்து வெறுங்கை விரலை உடைச்சிரும். பேஸ்ல ஓட்டக்காரர் யாரும் இல்லேன்னா வலது கை கணுக்காலுக்குப் பின்னால. ஓட்டக்காரர் இருந்தா கிளவுஸுக்குப் பின்னால, கட்டைவிரலை உள்ள மடிச்ச தளர்ந்த கைமுட்டி. தரையில குத்துற பந்தைப் பிடிக்கப் போக வேண்டாம்: கிளவுஸ் ரெண்டு காலுக்கு நடுவுல, தாடை நெஞ்சோட, தோளை முன்னால வளைச்சு நெஞ்சால மறிக்கணும்.

ஓட்டக்காரர் ரெண்டாவது பேஸுக்கு ஓடினா கேட்ச்சர் அங்க எறியணும், தூரம் 38.8 மீட்டர். பந்து கிளவுஸுல பட்டதுலேர்ந்து அங்க சேர பெரிய லீக்ல சுமார் 2 நொடி. கை பலத்துல மட்டும் அது வராது, கால் சீக்கிரம் திரும்பணும்.

தொண்டி_9: நன்றி அண்ணே. மாஸ்க் கம்பி துருப்பிடிக்குது, கிளவுஸ் விறைக்குது. அதுக்கு?

பாம்பன் கரை: உப்புக் காத்துதான். மாஸ்க்கைத் தினமும் நல்ல தண்ணியில அலசித் துடைங்க. துரு வெல்டிங் ஒட்டுலதான் முதல்ல பிடிக்கும். ஒட்டுல கீறல் விட்டிருந்தா தூக்கிப் போடுங்க, கட்டிக் கிட்டி ஒப்பேத்த வேண்டாம். கிளவுஸை ஈரத்துணியால துடைச்சு, உள்ள ஒரு பந்தை வச்சுக் கட்டி நிழல்ல காயப் போடுங்க. மொட்டை மாடி வெயில்ல போட்டா தோல் வெடிச்சிரும். எண்ணெய் ஊத்தினா கனக்கும். மாசம் ஒரு தடவை தோல் கண்டிஷனர் லேசாப் போதும். விரல் வலைக்கு நடுவுல இருக்கிற தோல் வார்தான் முதல்ல அறும், கையில ஒரு வார் உபரியா இருக்கட்டும்.