அம்மாவுக்கு வந்தது சிறுநீர்த் தொற்று, மறதி ஏன் கூடியது?

மஞ்சக்குப்பத்து மகள்:
அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடமாக அல்சைமர் என்ற மறதி நோய். ஆனாலும் வாசல் தெளித்துக் கோலம் போடுவாள். மீன்காரம்மா கூடையை இறக்கினால் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து மீனு" என்று சொல்லிவிடுவாள். கடலூர் ஓல்டு டவுன் பக்கம் பிறந்தவள், அது மட்டும் மறக்கவில்லை.

போன மாதம் ஒரே ராத்திரியில் எல்லாம் தலைகீழ். என்னைச் செத்துப்போன பெரியம்மா என்று நினைத்துப் பேசினாள். மூலையில் யாரோ உட்கார்ந்திருக்கிறார் என்று சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். காய்ச்சல் இல்லை, வலி என்றும் சொல்லவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நாங்களே முடிவு கட்டி இரண்டு நாள் அழுதோம். மூன்றாம் நாள் பார்த்தால் சிறுநீரில் கிருமி! மாத்திரை கொடுத்ததும் மூலையில் இருந்தவர் போய்விட்டார். அம்மாதான் முழுதாகத் திரும்பவில்லை. புள்ளி வைக்கிறாள், இழை இழுக்க வரவில்லை.

"மூளையில ஏற்கெனவே அழற்சி இருக்கு, மைக்ரோகிளியா உசுப்பேறிடுச்சு" என்றார் டாக்டர். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், மேலே கேட்க முடியவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, "அழற்சிதானே, மூட்டுவலிக்குப் போடுற ஐபுப்ரோஃபென் தினம் ஒண்ணு குடு" என்கிறான். எதிர்வீட்டு அக்கா மஞ்சள் பால் என்கிறார். அடிவயிற்றில் வந்த தொற்று தலைக்கு எப்படிப் போகும்? மாத்திரை கொடுக்கலாமா?

கோரிமேட்டுக்காரன்:
அக்கா, நான் டாக்டர் இல்லை. நரம்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் சில வருடம் வேலை பார்த்தவன். கிருமி தலைக்குப் போகவில்லை, செய்திதான் போனது. உடம்பில் எங்கே தொற்று வந்தாலும் டிஎன்எஃப், இன்டர்லூகின் மாதிரி அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் கூடும். வயிற்றிலிருந்தும் நெஞ்சிலிருந்தும் மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு வழியாகவும் தகவல் ஏறும். நமக்குக் காய்ச்சலில் சோர்வும் சிடுசிடுப்பும் வருவது அதனால்தான்.

மைக்ரோகிளியா என்ற செல்தான் மூளையின் காவல்காரர், குப்பை அள்ளுபவரும் அதுதான். அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சுற்றி வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டே நிற்கும். அந்த நிலையில் வெளியிலிருந்து இன்னொரு செய்தி வந்தால் அளவுக்கு மீறித் துள்ளும். 2011 டிசம்பர் 30 தானே புயல் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் தெருவில் விழுந்த மரத்தை அறுக்க வந்தவர்கள், ரம்பம் கையில் இருந்த வேகத்தில், நின்ற வேம்பையும் சாய்த்துவிட்டுப் போனார்கள். அதே கதைதான். அஸ்ட்ரோசைட் என்ற பக்கத்துத் துணைச் செல்களும் தூண்டப்பட்டு, நரம்புச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் அறுபடுகின்றன. தொற்று போனால் குழப்பம் தெளியும், அறுந்ததெல்லாம் திரும்பாது. 2009-இல் பிரிட்டனில் வந்த ஆய்வில், இடையில் தொற்றோ அடியோ பட்ட அல்சைமர் நோயாளிகளுக்கு, ஆறு மாதத்தில் நினைவு சரியும் வேகம் இரட்டிப்பாக இருந்தது.

தம்பியின் யோசனை முட்டாள்தனம் இல்லை. மூட்டுவாதத்துக்கு அழற்சி மருந்து சாப்பிடுபவர்களிடம் அல்சைமர் குறைவு என்று 1990-களில் பெரிய நம்பிக்கை இருந்தது. பிறகு 70 வயது தாண்டிய இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்கு நாப்ராக்சன், செலிகாக்சிப் என்ற அழற்சி மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ஆபத்து என்ற கவலையில் 2004-இல் மருந்தை நிறுத்தினார்கள். மறதியைத் தடுத்ததாகவும் தெரியவில்லை. 74 வயதில் தினமும் போட்டால் வயிறும் கிட்னியும்தான் கெடும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

வில்லியனூர் வாத்தியார்:
ரம்பக்காரர்களை ஒரேயடியாகத் திட்டாதீர்கள். ட்ரெம்2 என்ற மரபணு மைக்ரோகிளியாவில் வேலை செய்வது. அதில் ஒருவகைக் கோளாறு உள்ளவர்களுக்கு அல்சைமர் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று 2013-இல் கண்டார்கள். குப்பை அள்ளுவது மந்தமானாலும் ஆபத்துதான். ஆக, அழற்சியை மொத்தமாக அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. மஞ்சள் பால் குடிக்கட்டும், ருசியாக இருக்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் சேர்வதே சொற்பம், மருந்து என்று நம்ப வேண்டாம்.

முத்தியால்பேட்டை மருமகள்:
என் மாமியாரை ஏழு வருஷம் பார்த்தவள் சொல்கிறேன். எரிகிறது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. வயசானவர்களுக்குக் காய்ச்சலும் வராமலே போகலாம். திடீர்க் குழப்பம்தான் அறிகுறி. ஒரே நாளில் ஆள் மாறினால் அது மறதி நோய் இல்லை, வேறு ஏதோ என்று எடுத்துக்கொண்டு உடனே ஓடுங்கள். தொற்று, மலச்சிக்கல், புது மாத்திரை, தண்ணீர் குறைவு, எதுவாகவும் இருக்கலாம். ஒன்றுக்குப் போக எழவேண்டுமே என்று அவர்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நுங்கு, தர்பூசணி, ரசம், எப்படியாவது உள்ளே போகட்டும். அந்த இரண்டு நாளை நினைத்து மருகாதீர்கள். நான் ஒரு வாரம் விட்டவள்.

மஞ்சக்குப்பத்து மகள்:
எல்லோருக்கும் நன்றி. தம்பிக்கு இந்தப் பதில்களை அனுப்பினேன், "சரி, வேணாம்" என்று ஒற்றை வரி வந்தது. இன்று தேதித்தாளின் பின்பக்கம் டம்ளர் கணக்கு எழுத ஆரம்பித்திருக்கிறேன். சாயங்காலம் வரை நாலு. ஐந்தாவதை மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். "யாருக்கும்மா?" என்றேன். "உனக்குத்தான், குடி" என்றாள். நாளைக்கே மறுபடி யூரின் டெஸ்ட் எடுக்கப் போகிறேன்.