புதுப்பிப்பு: மைக் பொத்தானை அழுத்தினால் ரிலே படபடக்கும் கோளாறு தீர்ந்தது

காட்பாடியிலிருந்து போன வாரம் எழுதியிருந்தேன்: 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் ரேடியோ அலைவரிசையில் பேச மைக் பொத்தானை அழுத்தினால், டிரான்ஸ்சீவருக்குள் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ஒரே கருவி) ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஒலிபரப்பு விட்டுவிட்டுப் போகிறது என்று. ரிலேயை மாற்றச் சொன்னீர்கள் பலர். நல்லவேளை, மாற்றவில்லை.

என் கருவியில் பொத்தானின் கம்பி 4.7 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டில் நிற்கிறது. அழுத்தினால் அது தரையோடு சேர்ந்து பூஜ்ஜியமாக வேண்டும். அப்போதுதான் டிரான்சிஸ்டர் முழுதாக இயங்கி ரிலேயை இழுக்கும். ஆன்டெனா ரிசீவரை விட்டு டிரான்ஸ்மிட்டருக்கு மாறும், ரிசீவர் வாயடைக்கும். மல்டிமீட்டரை வைத்து அழுத்தினேன். 1.8 வோல்ட்! டிரான்சிஸ்டர் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை; அதனால்தான் ரிலே படபடத்தது.

மைக்கைப் பிரித்தேன். பொத்தானுக்குள் தொட்டு இணைக்கும் பித்தளைத் தகட்டின் நுனியில் மிளகளவு பச்சைக் களிம்பு. பல வருட விரல் வியர்வை, வேலூர் வெயில் வேறு. சுத்தம் செய்த பிறகு 0.02 வோல்ட்.

ஆறு மணிக்கு வழக்கமான நண்பர்களோடு அரை மணி நேரம் பேசினேன், ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். படபடக்கும் ரிலேயோடு தொடர்ந்து ஒலிபரப்பாதீர்கள். ஆன்டெனா முழுதாக மாறுவதற்குள் சக்தி பாய்ந்தால் ரிலே முனைகளில் தீப்பொறி பறக்கும். அவை கருகினால் ரிசீவரும் மந்தமாகும். நான் இரண்டு நாள் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.