சாட்சிக் கூண்டில் கடவுள் பெயரைச் சொல்லியே ஆகணுமா?

பாம்பன்காற்று:
விசைப்படகு மோதி நாட்டுப்படகு வலை அறுந்த நஷ்ட வழக்கு. ராமநாதபுரம் கோர்ட்டில் சாட்சி விசாரணை வருது. நம்ம பக்கம் மூணு சாட்சி. ஒருத்தர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தங்கச்சிமடத்துக்காரர் ஒருத்தர், 'சத்தியம் பண்ண வேண்டாம்னு பைபிள்ல இருக்கு' என்கிறார். கீழக்கரைக்காரர் அல்லாஹ் பெயரால்தான் சத்தியம் செய்வாராம். எதிர்த்தரப்போ 'கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும், வழக்கை அதோட முடிச்சுக்கலாம்' என்கிறது. கடவுள் பெயர் சொல்லாத சாட்சியத்துக்கு மதிப்புக் குறையுமா? மதச்சார்பற்ற நாட்டில் இந்த வாசகம் எப்படி வந்தது?

வாடை:
மதிப்பு துளியும் குறையாது. 1969-ம் ஆண்டு சத்தியப்பிரமாணச் சட்டத்தின் அட்டவணையில் சாட்சிக்கான வாசகம் ஒன்றுதான். அதன் தொடக்கம் மட்டும் இரண்டு விதம்: 'கடவுள் பெயரால் ஆணையிட்டு' அல்லது 'உளமார உறுதிகூறி'. எதைச் சொல்வது என்பது சாட்சியின் விருப்பம் (பிரிவு 5). காரணமும் சொல்ல வேண்டாம், மனுவும் போட வேண்டாம்.

பிசகு நடக்கிற இடம் வேறு. கோர்ட் ஊழியர் பழக்கத்தில் 'கடவுள் சாட்சியாக' என்று சொல்லிக்கொடுப்பார், சாட்சியும் பதற்றத்தில் அப்படியே ஒப்பித்துவிடுவார். கூண்டில் ஏறியதும், அவர் ஆரம்பிக்கும் முன்பே, 'ஐயா, நான் உறுதிமொழி எடுத்துக்கிறேன்' என்று சொல்லிவிடச் சொல்லுங்கள். நம்பிக்கை இல்லாதவருக்கும் தங்கச்சிமடத்துக்காரருக்கும் இதுவே போதும். வாசகத்தில் பிழை வந்தால்கூட சாட்சியம் செல்லாமல் போகாது, பிரிவு 7 அதற்குத்தான் இருக்கிறது. உண்மை பேசும் கடமையைச் சட்டமே சுமத்துகிறது (பிரிவு 8). எந்த வாசகம் சொல்லியிருந்தாலும் பொய்சாட்சிக்கு ஒரே தண்டனைதான்: பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 229-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை.

கையில் கீதை, குர்ஆன் கொடுப்பதெல்லாம் சினிமாவில்தான். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கங்கைநீர், குர்ஆன் சத்தியத்தை 1840-லேயே எடுத்துவிட்டு உறுதிமொழி கொண்டுவந்தார்கள்.

கச்சான்:
சூடம் விஷயத்தில் ஜாக்கிரதை. 1873-ம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இதற்கு இடம் இருந்தது. 'அவர் இந்த முறையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்' என்று ஒரு தரப்பு சொல்லி, மறுதரப்பும் அப்படியே செய்துவிட்டால், அந்த விஷயத்தில் அதுவே முடிந்த முடிவு. 1969 சட்டம் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டது. படகுப் பதிவு, வலை வாங்கிய பில், சேதத்தின் போட்டோ எல்லாம் கையில் இருக்கும்போது கோயில் வாசலுக்கு எதற்குப் போகணும்? சமரசம் வேண்டுமென்றால் தொகையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டில் பதிவு செய்யுங்கள்.

கீழக்கரைக்காரருக்கு வழி உண்டு. தன் சமூகத்தில் வழக்கமாக உள்ள முறையில் சத்தியம் செய்ய ஒரு சாட்சி விரும்பினால், நீதிபதி அனுமதிக்கலாம் (பிரிவு 6). ஆனால் அது நீதிபதியின் விருப்பம், கேட்டால்தான் கிடைக்கும். அந்த முறை நீதிக்கும் கண்ணியத்துக்கும் முரணாக இருக்கக் கூடாது, மூன்றாம் ஆளைப் பாதிப்பதாகவும் இருக்கக் கூடாது. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்வது அங்கேயே அடிபட்டுப் போகும். எனக்கு இந்தச் சட்டத்தில் ரொம்பப் பிடித்த வரி இது.

தொண்டிக்கரை:
வாசகம் வந்த கதைக்கு, நம் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையைப் பார்க்கணும். முகப்புரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று எச்.வி. காமத் 17.10.1949 அன்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. தோற்றது. நாட்டின் பெயரால் கடவுளை அழைக்க சபை மறுத்தது. அதே சபைதான் குடியரசுத் தலைவரின் பதவிப் பிரமாணத்தில் (அரசியலமைப்பின் பிரிவு 60) கடவுள், உறுதிமொழி இரண்டையும் வைத்தது. மூன்றாம் அட்டவணையில் அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், நீதிபதி எல்லோருக்கும் அப்படியே. பொதுவான வாசகத்தில் மதம் இல்லை, தனி ஆள் விரும்பினால் தன் வாயால் சேர்த்துக்கொள்ளலாம். இது சரியான கோடு என்றே நினைக்கிறேன். ஆணையிடத் தயங்கும் பக்தருக்கும் 'உளமார' என்ற சொல்தானே கைகொடுக்கிறது.

ஆனால் பதவிப் பிரமாணத்தில் சொந்தச் சொல் சேர்க்கக் கூடாது. கேரளத்தில் 2001-ல் தேர்வான ஓர் உறுப்பினர் ஸ்ரீநாராயண குருவின் பெயரால் பிரமாணம் எடுத்தார். அது செல்லாது என்று 2003-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. பிரமாணம் எடுக்காமல் அவையில் அமர்ந்தால் நாளுக்கு 500 ரூபாய் அபராதம் (அரசியலமைப்பின் பிரிவு 193).

நமக்கு எதிர்க்கரை இலங்கையில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது அரசியலமைப்பின் பிரிவு 9. ஆனால் அங்கே பதவிப் பிரமாண வாசகத்தில் கடவுளும் இல்லை, புத்தரும் இல்லை.

பாம்பன்காற்று:
நன்றி. ப்ரூஃப் அஃபிடவிட் (சாட்சியத்தை எழுத்தில் கொடுக்கும் பிரமாணப் பத்திரம்) ஏற்கெனவே டைப் ஆயிடுச்சு. அதில் ஏதும் மாத்தணுமா?

வாடை:
முதல் பத்தியைப் பாருங்கள். சிவில் வழக்கில் சாட்சியின் முதல் விசாரணையே (அவரை அழைத்த தரப்பு கேட்பது) அஃபிடவிட்டில்தான் நடக்கும், அதனால் பிரமாண வாசகம் அங்கேயும் வரும். நம்ம ஊர் வழக்கப்படி 'மனப்பூர்வமாக உறுதிகூறி' என்றுதான் இருக்கும், அப்படியானால் விட்டுவிடுங்கள். 'கடவுள் பெயரால்' என்று இருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தை மறுபடி டைப் செய்து, கையெழுத்துக்கு முன் சாட்சிக்கு வாசித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் குறுக்கு விசாரணையில் 'அங்கே கடவுள், இங்கே இல்லையா?' என்று பிடித்துக்கொள்வார்கள்.